மதியம் ஒரு மணிக்கே முடிந்துபோகும் கல்லூரி

கேள்வி இது: "அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், தமிழ் வழி, மூன்றாம் ஆண்டு. ஏப்ரலோடு முடிகிறது. வகுப்பில் எல்லோரும் இப்போதே ஸ்டேட்டஸ் வைத்து அழுகிறார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காலை ஷிப்ட் முடிந்ததும் மூன்று வருடமும் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டேன். டூர் போகவில்லை, கலைவிழாவில் சேரவில்லை. திரும்பிப் பார்த்தால் நினைத்துக்கொள்ள எதுவும் இல்லாத மாதிரி இருக்கிறது. நான் கல்லூரி வாழ்க்கையே வாழவில்லையா?"

தம்பி, உன் கல்லூரியைப் போன்ற அரசுக் கல்லூரிகளில் இயற்பியல் நடத்தி 2023இல் ஓய்வு பெற்றவன் நான். நீ, வா, போ என்றே எழுதுகிறேன். பழக்கம் விடவில்லை.

முதலில், உனக்கு இழப்பு உண்டு. "இல்லையப்பா, நீயும் நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறாய்" என்று முதுகில் தட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இரண்டு ஷிப்ட் முறை ஏன் வந்தது என்று உனக்கே தெரியும். கட்டடம் போதவில்லை, சேர வருகிற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. அதனால்தான் உன் வீட்டில் முதல் பட்டதாரி வரப்போகிறான் என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மணி அடித்ததும் உன் பெஞ்சில் இன்னொருத்தன் வந்து உட்கார வேண்டும். வகுப்பு முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் வெட்டியாக உட்கார்ந்திருப்பது என்று ஒன்று உண்டு. யாரோ ஒருத்தன் எதையோ ஆரம்பிப்பான், அது சண்டையாகும், சண்டை நாடகமாகும், இருட்டினால்தான் வீட்டு நினைப்பே வரும். அது உனக்குக் கிடைக்கவில்லை. அது சின்ன விஷயம் இல்லை. அதை ஒப்புக்கொண்டு மேலே பேசுவோம்.

ஆனால் நீ உன் மூன்று வருடத்தை எதோடு வைத்துப் பார்க்கிறாய் என்பதில் எனக்குச் சந்தேகம். சினிமாவில் வரும் கல்லூரியில் யாரும் பஸ் பாஸுக்குப் புகைப்படம் ஒட்டிக்கொண்டு வரிசையில் நிற்பதில்லை. தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்று ஒன்று அங்கே வருவதே இல்லை. எல்லோருக்கும் பைக், ஹாஸ்டல், நாள் முழுக்கப் பொழுது. தமிழ்நாட்டில் டிகிரி படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது வாய்க்கிறது? காலையில் முதல் டவுன் பஸ்ஸைப் பிடித்து, படியில் தொங்கி, எட்டரைக்கு வகுப்பில் உட்கார்ந்து, ஒன்றரைக்கு ஒரு கடையிலோ பட்டறையிலோ டெலிவரி வண்டியிலோ இருக்கிற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம், பழைய மாணவர்கள். பத்து வருடம், இருபது வருடம் கழித்து எதற்கோ கல்லூரிக்கு வருவார்கள். துறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். உட்காரச் சொன்னால் பேச ஆரம்பிப்பார்கள். ஃபேர்வெல் பற்றி யாரும் பேசி நான் கேட்டதாக நினைவே இல்லை. ஜூனியர் பிள்ளைகள் காசு போட்டு வாங்கிய கேக், மிக்சர், பேப்பர் கப்பில் கூல் டிரிங்க்ஸ், வேட்டி சட்டை, பட்டுப்புடவை, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எடுத்த குரூப் போட்டோ. எல்லாம் நடந்திருக்கும். பேச்சில் வராது. பேச்சில் வருவதெல்லாம் வேறு. எந்த பஸ்ஸில் எந்தக் கண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்துவார் என்பது வரும். கேன்டீனில் மதியம் தீர்ந்துபோகும் எலுமிச்சை சாதம் வரும். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளில் யார் யாருக்குக் காசு கொடுத்தார்கள் என்பது நிச்சயம் வரும். ஒருத்தர், இப்போது அரசு அலுவலகத்தில் நல்ல பதவியில் இருக்கிறார், என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "அந்த 340 ரூபாயை நான் இன்னும் அவனுக்குத் திருப்பித் தரலை சார். கொடுத்தா வாங்கமாட்டான்" என்றார். சொல்லும்போது சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இன்னொரு சம்பவம். கல்லூரி அலுவலகத்தில் ஒரு இரும்பு பீரோ இருக்கும், உன் கல்லூரியிலும் இருக்கும். யாரும் வந்து வாங்காத பட்டச் சான்றிதழ்கள் அதில் வருடவாரியாகக் கட்டிக் கிடக்கும். பட்டமளிப்பு விழா என்பது படிப்பு முடிந்து வெகு நாள் கழித்துத்தான் நடக்கும். அதற்குள் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போயிருப்பார்கள், பெண்களுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். 12 வருடம் கழித்து ஒரு பெண் பி.எட். சேர அந்தச் சான்றிதழ் வேண்டும் என்று வந்தாள். கையில் ஒரு பிள்ளை. கிளார்க் பீரோவில் தேடுவதற்குள் ஆய்வகத்தைப் பார்க்கலாமா சார் என்று கேட்டாள். இரண்டாம் ஷிப்ட் பிள்ளைகள் பிராக்டிகல் செய்துகொண்டிருந்தார்கள். நேராகப் போய் காற்று ஆப்பு சோதனை வைத்திருந்த மேஜை முன்னால் நின்றாள்.

நீயும் செய்திருப்பாய். இரண்டு கண்ணாடித் தட்டு, ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி, மறு முனையில் ஒரு தலைமுடியை வைத்து, சோடியம் ஒளியில் நகரும் நுண்ணோக்கியால் பட்டைகளை எண்ணி அந்த முடியின் தடிமனைக் கண்டுபிடிக்கிற சோதனை. விடை மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான் வரும். அவள் தன் பிள்ளையிடம் காட்டிச் சொன்னாள்: "இதுல நாங்க மல்லிகாவோட முடியைத்தான் வெச்சோம். என் முடி ரொம்ப மெல்லிசுனு சார் திட்டினாரு." (பெயரை மாற்றியிருக்கிறேன்.) திட்டியது நான்தான், எனக்கு நினைவில்லை. அந்தத் தோழியிடம் பேசி ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். ஆய்வக வாசலில் நின்றே போன் போட்டாள். "ஏய், நான் எங்க நிக்கிறேன் சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்தவள், கிளார்க் இரண்டு முறை வந்து கூப்பிட்ட பிறகுதான் போனை வைத்தாள்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெண்ணும் டூர் வந்தவள் இல்லை. வீட்டில் விடவில்லை. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அனுமதி கேட்டு அவள் அப்பாவிடம் பேசித் தோற்றவன் நான்.

டூர் என்றதும் ஒன்று. இயற்பியல் துறை என்றால் பெரும்பாலும் கொடைக்கானல்தான். அங்கே 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் இருக்கிறது, "கல்விச் சுற்றுலா" என்று கோப்பில் எழுத வசதி. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதை 1909இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான், அதைப் பஸ்ஸில் மைக் பிடித்துச் சொல்வோம். பாட்டை நிறுத்திவிட்டார்களே என்ற கடுப்பில் யாரும் கேட்க மாட்டார்கள். பெருமாள்மலை வருவதற்குள் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார்கள். ஆய்வகத்தில் அரை மணி நேரம், ஏரியில் படகு விட மூன்று மணி நேரம். சந்தோஷமான நாள்தான், நான் மறுக்கவில்லை. உனக்கு அன்றைய கூலியும் போய், டூர் காசும் போகும் என்று கணக்குப் போட்டு நின்றுவிட்டாய். அந்தக் கணக்கு தப்பில்லை. கொடைக்கானல் எங்கும் போகாது. சம்பளம் வந்ததும் அதே நண்பர்களில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய்வா. மைக்கில் நான் சொன்னதை அப்போதாவது யாராவது கேட்கட்டும்.

இப்போது என் பக்கத்துக் கதை ஒன்று. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பணியில் சேர்ந்து பத்து வருடம் ஆகியிருக்கும். இரண்டாம் ஆண்டு வகுப்பு, மூன்றாவது மணி நேரம், வெப்ப இயக்கவியல் நடத்துகிறேன். கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்குவான். ஒருநாள் எழுப்பி நிற்கவைத்து, வகுப்பே சிரிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து இரவு ஊரிலிருந்து திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். மணி பன்னிரண்டரை. பரோட்டாக் கடையில் கல் முன்னால் அவன் நிற்கிறான், பனியனோடு, வியர்வை வழிய. என்னைப் பார்த்ததும், "சார், சாப்பிட்டுப் போங்க" என்றான். காசு வாங்க மறுத்துவிட்டான். மறுநாள் வகுப்பில் அவன் தூங்கினான். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு நடத்தினேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் கேட்பதில்லை.

அதற்குப் பிறகு வருகைப் பதிவேட்டை வேறு மாதிரிப் பார்க்கப் பழகினேன். தீபாவளிக்கு முன்னால் இரண்டு வாரம் எந்தெந்தப் பெயருக்கு எதிரே வரிசையாக ஆப்சென்ட் விழுகிறது என்று பார்த்தாலே போதும், யார் ஜவுளிக் கடை, யார் பட்டாசுக் கடை, யார் ஸ்வீட் ஸ்டால் என்று தெரிந்துவிடும். 75 சதவீதத்துக்குக் கீழே போய் அபராதம் கட்டி ஹால் டிக்கெட் வாங்கியவர்களில் ஊர் சுற்றியவர்களைவிட இவர்கள்தான் அதிகம். உன் துறையிலும் உன் கடையின் பெயர் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார். அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். உன் சைஸ் சட்டை இருக்கிறதா என்று கேட்கக் கடைக்கே வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நினைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை என்கிறாயே, உன் ஆய்வகக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாயா? ரெக்கார்டு நோட்டைச் சொல்லவில்லை. ரெக்கார்டு என்பது தேர்வாளருக்காகக் கோடு போட்டு அழகாக எழுதியது, அதில் நீ இருக்க மாட்டாய். அப்சர்வேஷன் நோட்டை எடு. அடித்துத் திருத்திய அளவுகள், நுண்ணோக்கியில் பார்த்து ஒருத்தன் கத்தக் கத்த இன்னொருத்தன் எழுதிய கோணல் எண்கள், ஓரத்தில் மதியச் சாப்பாட்டுக் கணக்கு, யாரோ வரைந்த ஆசிரியரின் படம். சோடியம் ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் விடையை முதலில் எழுதிவிட்டுப் பின்னாலிருந்து அளவுகளைப் போட்டுக்கொண்டு வருவீர்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதே, நாங்களும் அப்படித்தான் போட்டோம். சரியாக 5893 வந்தால் சந்தேகப்படுவேன், 5870 வந்தால் இந்தப் பையன் உண்மையாகவே பார்த்திருக்கிறான் என்று பச்சை மையில் டிக் போடுவேன். அந்த நோட்டில் உன் கையெழுத்து எந்தப் பக்கம் வரை இருக்கிறது, எங்கே இன்னொருத்தன் கையெழுத்து தொடங்குகிறது என்று பார். நீ கடைக்குக் கிளம்பிய பிறகு மீதி அளவுகளை எடுத்து உனக்கும் சேர்த்து எழுதியவன் எவனோ, அவன் கையெழுத்து அது.

அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதே. என்னுடையதை நான் போட்டேன். 1984இல் பட்டப்படிப்பை முடித்தவுடன் எல்லாவற்றையும் கட்டிக் கிலோக் கணக்கில் போட்டுவிட்டு, வந்த காசில் மேட்னி ஷோ போனேன். படம் என்னவென்றுகூட இப்போது நினைவில்லை.

அடுத்து, நோ டியூஸ். இதைத்தான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. டி.சி. வாங்க வேண்டுமானால் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு நூலகம், இயற்பியல் ஆய்வகம், துணைப்பாடத்துக்காக வேதியியல் ஆய்வகம், உடற்கல்வித் துறை, என்.எஸ்.எஸ். அல்லது என்.சி.சி., உதவித்தொகைப் பிரிவு, அலுவலகம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் "பாக்கி இல்லை" என்று கையெழுத்து வாங்க வேண்டும். எல்லோரும் அதை ஒரு தொல்லையாக நினைத்து, வகுப்பில் ஒருத்தனிடம் பத்துப் படிவத்தைக் கொடுத்து ஓடச் சொல்வார்கள். நீ அப்படிச் செய்யாதே. கடையில் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு நீயே போ. மூன்று வருடமும் எட்டரைக்கு வந்து ஒரு மணிக்கு ஓடியவனுக்குக் கல்லூரி முழுவதையும் சுற்ற ஒருநாள் அதிகாரபூர்வமாகவே கிடைக்கிறது.

வேதியியல் ஆய்வகத்தில் முதலாம் ஆண்டில் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சிப் பதறிய இடம் இருக்கும். இளஞ்சிவப்பு வந்துவிட்டதா இல்லையா என்று வெள்ளைப் பேப்பரை அடியில் வைத்து எட்டிப் பார்த்த இடம் இருக்கும். என்.எஸ்.எஸ்.ஸில் இருந்திருந்தால், ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படுத்து, கோயில் குளத்தில் புல் பிடுங்கியது ஞாபகம் வரும். அந்த ஏழு நாள் கடைக்கு என்ன சொல்லி லீவு வாங்கினாய்? எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்கு அந்த மாதம் ஒரு பாட்டி இறந்திருப்பார்.

நூலகத்தில் எச்சரிக்கையாக இரு. நான் மாணவனாக இருந்த கடைசி நாளில் ஒரு புத்தகம் பாக்கி என்றார்கள். நான் கொடுத்துவிட்டேன் என்றேன், பதிவேட்டில் இல்லை என்றார்கள். வாக்குவாதம் செய்து, கத்தி, கடைசியில் இரண்டு மடங்கு விலை கட்டிவிட்டு, இந்தக் கல்லூரிப் பக்கமே வரமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு வந்தேன். ஒன்பது வருடம் கழித்து அந்தப் புத்தகம் என் அக்கா வீட்டில், அரிசி டின்னுக்கு முட்டுக் கொடுத்த நிலையில் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கில் தீர்ந்த புத்தகத்தை மறுபடி எப்படிச் சேர்ப்பது என்று நூலகருக்குத் தெரியவில்லை. "நீங்களே வெச்சுக்குங்க" என்றார். இன்னமும் என்னிடம்தான் இருக்கிறது.

அலுவலகத்தில் இருக்கும்போது இரண்டு மூன்று காரியம் முடித்துக்கொள். தமிழ் வழியில் படித்தவன் நீ. அதற்கான சான்றிதழை, பி.எஸ்.டி.எம். என்பார்கள், டி.சி.யோடு சேர்த்தே கேட்டு வாங்கு. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010 சட்டத்தில் வந்தது. 2020இல் திருத்தம் வந்த பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ் வழி என்று காட்ட வேண்டும். அதனால் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். அப்புறம் ஆறு பருவ மதிப்பெண் பட்டியல்களையும் பிளஸ் டூ பட்டியலோடு வைத்துப் பார். பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே திருத்தக் கொடு. இன்று கல்லூரிக்குள் இரண்டு கவுண்டர் அலைந்தால் முடிகிற வேலை, ஐந்து வருடம் கழித்துப் பல்கலைக்கழக வாசலில் பஸ் செலவும் கட்டணமுமாக நிற்க வேண்டிய வேலையாகிவிடும். டி.சி.யை எங்கேயும் கொடுப்பதற்கு முன்னால் நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள். பட்டச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று அடுத்த வருடம் ஒரு போன் போட்டுக் கேள். அந்த பீரோவில் உன்னுடையதும் போய்ச் சேர வேண்டாம்.

அழுகை வரவில்லை என்கிறாயே, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை. கடைசி நாள் அன்று வெள்ளைச் சட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் கையெழுத்துப் போட்டுக்கொண்டு கட்டிப்பிடித்து அழுதவர்களில் பலர், ஜூன் மாதம் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்தைத் தவிர வேறொன்றும் போட்டதில்லை. கல் மாதிரி நின்றவர்களில் சிலர் எனக்கு இன்னும் பொங்கலுக்குப் போன் செய்கிறார்கள். இதில் ஒரு விதியும் எனக்குப் பிடிபடவில்லை.

நோ டியூஸில் ஆய்வகக் கையெழுத்தைக் கடைசியாக வைத்துக்கொள். அங்கே கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் அட்டெண்டர் அண்ணனிடம் சொல்லி சோடியம் விளக்கை ஒருமுறை போடச் சொல். அவர் முணுமுணுப்பார், போடுவார். உனக்கு அப்சர்வேஷன் எடுத்துக் கொடுத்தவனையும் கூட்டிக்கொண்டு போ. போட்டவுடனே மஞ்சள் வராது, தெரியுமே. முதலில் இளஞ்சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும், நன்றாக மஞ்சளாக ஏழெட்டு நிமிடம் ஆகும். மூன்று வருடமும் அந்த நேரத்தில் வெர்னியரைத் துடைத்துக்கொண்டோ, மணி பார்த்துக்கொண்டோ இருந்திருப்பாய். அன்று கடைக்கு லீவுதானே, உட்கார்ந்து பார்.